இரண்டு நிறத்தில் ஒரு வண்டி

அண்ணனும் தங்கையும் ஒரு காரை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்த கதையைப் போன வாரம் நடுவில் விட்டிருந்தேன்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்த்தார். டாக்டர் கிடையாது. ஆனால் தெருவுக்கே அவர் 'பல் டாக்டர்'தான். தெரிந்தவர்கள் வழியில் நிறுத்தி வாயைத் திறந்து காட்டுவார்கள். அவரும் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். அவருடைய தங்கைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டில் அவளை வாலு என்போம். நாற்பதைத் தொட்ட பிறகும் அந்தப் பெயர் அவளுக்குப் பொருத்தமாகவே இருந்தது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். எங்களோடு மாடி அறையில் இருந்தாள்.

அந்தச் சிவப்புக் கார் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. பாதி அவருடையது, பாதி அவளுடையது.

வாலுவுக்குத் தூரத்து ஊர்க் கிளைக்கு மாற்றல் ஆனது. சாப்பிடும்போது அதைச் சொன்னாள். "நல்லபடியா போயிட்டு வா" என்று சொல்லியிருக்க வேண்டிய மனிதர், "போறதா இருந்தா வண்டிய விட்டுட்டுப் போ" என்றார்.

"பாதி என்னுது" என்றாள் அவள்.

அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றதும் வீடு அமைதியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தக் குடும்பத்தில் கோபம் வந்தால் பேச்சு என் வழியாகச் சுற்றிப் போகும், அவ்வளவுதான்.

"அண்ணி, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க."

உப்பு அவர் முழங்கையில் இடித்துக்கொண்டிருக்கும்.

"இருக்கற உப்பு போதும்னு சொல்லு."

இப்படியே பல நாள். திங்கட்கிழமை காலையில் வாலு கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் வண்டியின் பாடு முடிவாக வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டியை வீட்டு முன்னாலேயே முழுக்கச் சுத்தம் செய்வது, அவரவர் பாதியை அவரவர் பார்த்துக்கொள்வது, யார் பாதி நன்றாக இருக்கிறதோ அவருக்கு முழு வண்டி என்று ஒப்பந்தம் ஆனது. அதுவும் என் வழியாகத்தான். முன்பக்க மூடியிலிருந்து கூரை வழியாக டிக்கி வரைக்கும் நட்டநடுவே வெள்ளை டேப் ஒட்டினார்கள். பின்சீட்டிலும் ஒட்டினார்கள். பூவா தலையா போட்டதில் ஸ்டியரிங் பக்கம் அவருக்குப் போனது. நடுவர் நான்.

வண்டி யாருக்குப் போனாலும் எனக்கு ஒன்றுதான். என் பயம் வேறு. இவர்களுடைய அப்பாவும் பெரியப்பாவும் ஒரு தையல் மெஷினுக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள். பெரியப்பா காலமான செய்தியைக்கூட மூன்றாம் மனிதர் வந்துதான் மாமனாரிடம் சொன்னார். அந்த ரத்தம்தான் இவர்களுக்கும். திங்கட்கிழமை முகம் பார்க்காமல் பிரிந்தால், அப்புறம் இவர்களைச் சேர்த்து உட்கார வைக்க யாராலும் முடியாது. எனக்கும் வாலுவை விட்டால் வாய்விட்டுச் சிரிக்க வேறு ஆள் கிடையாது.

சனிக்கிழமை முழுக்க அவருடைய நாளாகப் போய்விட்டது.

கழுவுவது வரைக்கும் சரிசமமாகத்தான் இருந்தது. ஆளுக்கு இரண்டு வாளி. ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். முதலில் சக்கரம், அப்புறம் கூரை, அங்கிருந்து கீழே. கூரையில் இரண்டு பேர் துணியும் டேப்பில் வந்து இடிக்கும். இடித்ததும் இரண்டு பேரும் என்னைப் பார்ப்பார்கள்.

காய்ந்த பிறகு அவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையுறைபோல மாட்டிக்கொண்டு பெயிண்டைத் தடவினார். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம், பை வழியாகத் தடவினால் ரவையைக் கொட்டிய மாதிரி நெருநெருத்தது. அதை எடுப்பதற்கென்றே விற்கும் களிமண் கட்டியை ஈரத்தோடு இழைத்து இழைத்து எடுத்தார். அதற்கப்புறம் லேபிலிருந்து கொண்டுவந்த சின்ன மோட்டாரையும் பல் செட்டுக்குப் பளபளப்பு ஏற்றும் பசையையும் வெளியே எடுத்தார்.

வெயிலில் கிடந்து ரோஜாப்பூ நிறத்துக்கு வெளுத்திருந்த வண்டி அது. அவர் தேய்க்கத் தேய்க்கத் துணியெல்லாம் சிவப்பு.

"ஐயோ, பெயிண்ட் போகுதுங்க!" என்றேன்.

"செத்த பெயிண்ட் போகுது. உயிரோட இருக்கறது அடியில இருக்கு."

சாயங்காலத்துக்குள் அவருடைய பாதி மாதுளை முத்துப் போல ஆகிவிட்டது. மஞ்சள் பூத்துக்கிடந்த ஹெட்லைட்டையும் மோட்டாரில் தேய்த்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிட்டார். டேப்புக்கு அந்தப் பக்கம் வாலுவின் பாதி அதே வெளிறல், அதே மஞ்சள். அவள் மெழுகை நேராக வெளுத்த பெயிண்டின் மேல் பூசிவிட்டாள். அது திட்டுத்திட்டாக நின்றது.

பக்கத்து வீட்டு நர்ஸ் வேலைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"என்னக்கா, வண்டிக்கு ஒரு கண்ணுல மட்டும் காமாலையா?"

நான் சிரித்துவிட்டேன். வாலு சிரிக்கவில்லை. "நாளைக்குத்தான் உள்வேலை. நாளைக்கு என் நாள்னு சொல்லுங்க அண்ணி" என்று மாடி ஏறிப் போனாள். ஜெயிக்கப்போகிற மனிதர் அன்றைக்குச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும் நேரத்தில் விழித்தேன். பக்கத்தில் படுக்கை காலி.

சமையலறைச் சன்னலைத் திறந்தால் வாசல் தெரியும். அங்கே சிமெண்டுத் தரையில், குழந்தை மாதிரிக் காலை மடக்கி, அவர் உட்கார்ந்திருந்தார். தன் பக்கத்தில் இல்லை. வாலுவின் பக்கத்தில். அவளுடைய ஹெட்லைட்டுக்கு முன்னால். மோட்டார் இல்லை, வெறும் விரல். விரலில் துணியைச் சுற்றி, பசையைத் தொட்டு, பொட்டு வைக்கிற அளவு வட்டம் போட்டுப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டை முதுகில் நனைந்திருந்தது. எப்போது எழுந்துபோனார் என்று தெரியவில்லை.

இப்போதும் விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கப் போனால் என் கண் தானாக அந்த இடத்துக்குப் போகும். தரை மட்டும் இருக்கும். அதனால்தான் அந்தக் காலையை ஒரு இழைகூட விடாமல் எழுதிவிடப் பார்க்கிறேன்.

நான் வெளியே வந்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"அது அவ பக்கம்."

"தெரியும்."

"தோக்கறதுக்கா இந்தப் பாடு?"

அவர் துணியை மடித்துப் புதுப் பக்கம் வைத்தார். "ஒரு கண்ணு குருடா ஒரு வண்டி நிக்குது. பாக்க சகிக்கல. அவ்வளவுதான்."

"வண்டிய நீயே எடுத்துட்டுப் போன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"நீ சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். உங்க தங்கச்சி, உங்க வாய்."

"அப்ப சும்மா இரு" என்று மறுபடி குனிந்துவிட்டார். அவர் சமாதானமாகப் போக விரும்பினால் இப்படித்தான், யாருக்கும் தெரியாமல், வேலையாகச் செய்வார். வாய் மட்டும் வராது. ஊரார் வாயையெல்லாம் திறந்து பார்த்த மனிதர்.

மாடியில் கதவுச் சத்தம் கேட்டது. அவர் பசையையும் துணியையும் சுருட்டிக்கொண்டு தன் பாதிக்கு ஓடிய ஓட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வாலு இறங்கி வரும்போது மனிதர் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு, பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கால் மட்டும் வெளியே.

வாலு தன் கடைத் துணிகளோடு வந்தாள். லென்ஸ் துடைக்கும் துணி, ஒரு நூல்கூட உதிராது. கண்ணாடியில்தான் அவள் கை எப்படிப்பட்டது என்று தெரியும். சன்னல் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, ரப்பருக்குள் ஒளிந்திருந்த மேல் விளிம்பை முதலில் துடைத்தாள். உள்பக்கம் மேலிருந்து கீழ். வெளிப்பக்கம் இடமிருந்து வலம்.

"ஏன் அப்படி?" என்றேன்.

"அப்புறம் ஒரு கோடு நின்னுதுன்னா, அது படுத்திருக்கா நிக்குதான்னு பாத்தா போதும் அண்ணி. உள்ளயா வெளியயான்னு தெரிஞ்சிடும். ரெண்டு பக்கமும் தேச்சுக்கிட்டு நிக்க வேணாம்."

ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "நடுவர் கத்துக்கறது நல்லது. ஆனா ஒரு பக்கமா நின்னு கத்துக்க வேணாம்னு சொல்லு."

"நடுக் கண்ணாடி யாருக்குன்னு கேளுங்க" என்றாள் வாலு. பின்னால் வருவதைப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடி சரியாக டேப்பின் கோட்டில் தொங்கியது.

"பாதிப் பாதி."

"என் பாதில அவர் மூஞ்சி தெரியக் கூடாதுன்னு சொல்லுங்க."

இப்படி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்கண்ணாடியை முடித்துவிட்டு வாலு வண்டிக்கு முன்னால் வந்தாள். நின்றாள்.

ஹெட்லைட்டைப் பார்த்தாள். குனிந்தாள். வாயால் ஒரு ஊது ஊதி ஆவி பிடிக்க வைத்தாள். ஆவி கலைவதைப் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கடையில் கீறல் விழுந்த லென்ஸைப் பார்ப்பதும் அப்படித்தான்.

"அண்ணி, நேத்து இது மஞ்சளா இருந்துது."

"அப்படியா?"

"நான் தொடல."

"ராத்திரி பனி பெஞ்சுதே" என்றேன். என் வாய்க்கு வந்தது அதுதான்.

"பனி வட்டம் வட்டமாவா பெய்யும்?" அவள் நிமிர்ந்தாள். "எங்க கடைல யாரும் வட்டமா தேய்க்க மாட்டோம். பொட்டு பொட்டா வட்டம் போட்டிருக்கு. இது பல்லு தேய்க்கற கை."

ஸ்டியரிங்குக்கு அடியில் துடைக்கும் சத்தம் நின்றது.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க அண்ணி. எனக்குப் பிச்சை வேணாம். நான் தோத்தா தோக்கறேன். எனக்கு விட்டுக்குடுத்து அவர் பெரிய மனுஷன் ஆக வேணாம்."

நான் அவரைப் பார்த்தேன். கால் அசையவில்லை. எனக்குத் திடீரென்று அலுத்துவிட்டது. உப்பிலிருந்து ஹெட்லைட் வரைக்கும் எல்லாவற்றையும் நான்தான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா?

"நடுவர் யார் பக்கத்துச் சேதியும் தூக்க மாட்டா" என்றேன். "எனக்கு வாய் வலிக்குது. வேணும்னா நீங்களே பேசிக்குங்க. வேணாம்னா ஊமையா இருங்க." நிலைப்படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டேன்.

வாலு என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"டேய் அண்ணா!" என்று கத்தினாள்.

'டங்' என்றது. அவர் தலை ஸ்டியரிங்கில் இடித்த சத்தம்.

பல நாளுக்கு அப்புறம் அவள் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எதுக்குடா என் லைட்ட தொட்ட?"

அவர் வெளியே வந்தார். நெற்றியைத் தடவிக்கொண்டே, பெடல் துடைத்த துணியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். "யாருடி உன் லைட்டு? பாதி வண்டிக்கு ஒரு லைட்டு, ஒரு சக்கரம்னு பிரிச்சு ஓட்டுவியா?"

"டேப்பு ஒட்டினது யாரு?"

"ஒட்டச் சொன்னது யாரு?"

"நான் கேட்டேனா உன்கிட்ட? பாவம் பாத்தியா? தங்கச்சிக்குப் பாலிஷ் பண்ணத் தெரியல, லைட்ட மட்டுமாவது துடைச்சு விடுவோம்னு பாவம் பாத்தியா?"

"பாவமும் இல்ல, புண்ணாக்கும் இல்ல!" அவர் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. "தெரியாத ஊரு. தெரியாத ரோடு. நீ கடைய மூடிட்டு இருட்டுல ஓட்டிட்டு வருவே. ஒரு பக்கம் லைட்டு மங்கலா இருந்தா எனக்கு இங்க தூக்கம் வருமாடி, லூசு!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

வாலு குழாயடிக்குப் போய், சக்கரம் அலசும் ஹோஸை எடுத்தாள். பதில் வராதபோது அவள் சின்ன வயதில் கையில் இருப்பதை வீசுவாளாம், மாமியார் சொல்லியிருக்கிறார். இப்போது கையில் இருந்தது ஹோஸ். குழாயைத் திறந்து அவர் மேல் பீய்ச்சிவிட்டாள்.

அவர் குனிந்தார்.

அவருக்குப் பின்னால் அவருடைய பாதியின் சன்னல்கள் இருந்தன. அன்று காலையில் ஷாம்பு போட்ட சீட்டு காய்வதற்காக முழுக்க இறக்கிவிடப்பட்ட சன்னல்கள். தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் உள்ளே போனது. சீட்டில், தரையில், ரேடியோவில்.

"ரேடியோ!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அதற்கப்புறம் டேப் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அவர் ரேடியோவை அணைத்துத் துணியை அமுக்கினார். வாலு மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தாள். பின்சீட்டு தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பிக்கொண்டு இருந்தது. அதைக் கழற்ற வேண்டும். முன்விளிம்பை இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் கொக்கி விடும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் இறுகிக்கொள்ளும்.

"தூக்குடா!"

"தூக்கிட்டுத்தான் இருக்கேன். நீ இழுக்கற. இழுக்காத, தூக்கு!"

"ஒண்ணு, ரெண்டு…"

"ரெண்டுலயா, மூணுலயா?"

"மூணுல!"

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

சீட்டு டப்பென்று கையோடு வந்தது. அடியில் இந்த வண்டியின் மொத்தச் சரித்திரமும் கிடந்தது. பல் உடைந்த சீப்பு, காய்ந்த ஆரஞ்சுத் தோல், நான் தொலைத்துவிட்டதாக வீட்டையே புரட்டிய என் ஒற்றைச் செருப்பு. தூசிக்கு நடுவில் பொடிசாக ஒரு செயற்கைப் பல்லும், மூக்குக்கண்ணாடியின் காதுக் கம்பி ஒன்றும்.

"இது உன்னுது" என்று பல்லை நீட்டினாள்.

"இது உன்னுது" என்று கம்பியை நீட்டினார்.

நான் நிலைப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர்களும் சிரித்தார்கள். வாலு சிரிக்கும்போது மூச்சு விட மறந்துவிடுவாள். முதுகில் தட்ட வேண்டும். அவர்தான் தட்டினார்.

பின்சீட்டை முற்றத்து வெயிலில் வைத்துத் தேங்காய் நார் பிரஷ்ஷால் மறுபடி நுரை தேய்த்து, காய்ந்த துண்டை விரித்து ஏறி ஏறி மிதித்துத் தண்ணீரை உறிஞ்ச விட்டார்கள். ஒரு துண்டு நனைந்தால் அடுத்தது. என் நல்ல துண்டுகள் எல்லாம் போயின. அதன் பிறகு அந்தச் சீட்டிலேயே, காருக்கு வெளியே, நடு முற்றத்தில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தோம். நான் நடுவில். எங்கேயோ பிரயாணம் போகிற மாதிரி இருந்தது. ஈரம் உடை வழியாக ஏறியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வேலை முடிந்து திரும்பிவந்த நர்ஸ் எங்களைப் பார்த்தாள்.

"எந்த ஊருக்குக்கா?"

"இன்னும் முடிவாகல" என்றேன்.

டீயைக் குடித்துக்கொண்டே வாலு சொன்னாள்: "வண்டி எதுக்குக் கேட்டேன்னு தெரியுமா? இந்த வீட்டுலேருந்து என்கூட வரக்கூடியது அது ஒண்ணுதான். உன்ன பெட்டில போட்டு எடுத்துட்டுப் போக முடியாது."

அவர் டம்ளரைப் பார்த்தார். "வண்டி இங்க நின்னா, அத ஓட்டவாவது வந்துட்டுப் போவேன்னு நினைச்சேன்."

"அத வாயால சொல்றதுக்கு என்ன?"

"உன் அண்ணிகிட்ட சொன்னேனே."

"என்கிட்ட எதுவும் சொல்லல" என்றேன். சத்தியமாகச் சொல்லவில்லை.

மத்தியானம் டேப்பைப் பிய்த்தார்கள். முன்பக்க மூடியில் அவர் ஒரு முனை, டிக்கியில் அவள் ஒரு முனை. இரண்டு நாள் வெயிலில் ஒட்டிக் கிடந்த பசை கையோடு வர மறுத்தது. எண்ணெயைத் தொட்டு விரலால் உருட்டி உருட்டி எடுத்தார்கள். அதற்கு அடியில் வண்டியின் நடுவே வகிடு எடுத்த மாதிரி ஒரு வெளிறிய கோடு.

"அது யாரு பங்கு?" என்றேன் சும்மா.

இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். ஒருவழியாக ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தது.

அதற்கப்புறம் வேலை வேறு மாதிரி ஓடியது. அவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு அவளுடைய வெளிறிய பாதியைத் தொடங்கினார். அவள் மெழுகுத் திட்டுகளை முன்னால் துடைத்துக்கொண்டே போனாள். கண்ணாடிகள் எல்லாம் அவளுக்கு. ஏ.சி. காற்று வரும் சந்துகளைப் பல் செட் கழுவும் மெல்லிய பிரஷ்ஷால் அவர் துடைக்க, விழுந்த தூசியை அவள் தூசி உறிஞ்சும் மெஷினால் பிடித்தாள். கதவின் ஓரங்கள், கீல்கள், பெட்ரோல் மூடிக்குப் பின்னால் இருக்கும் அழுக்கு என்று யாரும் எட்டிப் பார்க்காத இடமெல்லாம் போனார்கள். இடையிடையே சண்டை.

"மெழுகு எவ்வளவு பூசற! ரொட்டிக்கு வெண்ணெய் தடவறியா?"

"நீ கண்ணாடிய விரலால தொட்டா அந்த விரல உடைப்பேன்."

"உடைச்சுட்டு யாரு பாலிஷ் பண்ணுவா?"

நேராகப் போட்ட சண்டை. என் வழியாக ஒரு வார்த்தைகூட வரவில்லை. எனக்கு வேலை போனதில் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சிவப்புத் தண்ணீர் வாளி வாளியாக மண்ணில் போனது.

வெயில் சாயும் நேரத்தில் கடைசி மெழுகைத் துடைத்து எடுத்தார்கள். வண்டி ஒரே நிறத்தில் நின்றது. முன்பக்க மூடியில் வானம் தெரிந்தது; அதில் ஒரு காக்கை குறுக்கே பறந்தது. உள்ளே சீட்டு இன்னும் கொஞ்சம் ஈரம். ரேடியோ மட்டும் கரகரத்துக்கொண்டு எந்த நிலையத்தையும் பிடிக்காமல் பாடியது. அது கடைசிவரைக்கும் சரியாகவில்லை.

இரண்டு பேரும் என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தீர்ப்பு" என்றார் அவர்.

"இனி என்ன தீர்ப்பு? பாதி எது, யாருதுன்னே தெரியல."

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் அண்ணி."

நான் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். தெரியாதவள் மாதிரிக் குனிந்து பார்த்தேன், தட்டிப் பார்த்தேன். கடைசியில் முன்னால் வந்து நின்றேன்.

"ஹெட்லைட்டு. மோட்டார்ல பண்ணதவிடக் கையால பண்ணது ஒரு பிடி நல்லா இருக்கு. அது வாலு பக்கம். வண்டி அவளுக்கு."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னவென்று எழுதுவது? தோற்றவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வாலு என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கையில் இருந்த மெழுகு முழுக்க என் முதுகில்.

சந்தோஷத்தில் அவருக்கு நாக்கு அவிழ்ந்துவிட்டது. பேசாமல் இருந்த நாட்களின் பேச்சை எல்லாம் அன்றைக்கே பேசிவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

"வண்டி உனக்கு. சரி. ஆனா நீ எதுக்குப் போகணும்? நாளைக்குக் காலைல உன் மேனேஜர்கிட்ட நான் பேசறேன். அந்தக் கடைக்கு எவ்வளவு வருஷமா உழைக்கற! நினைச்ச இடத்துக்குத் தூக்கிப் போடுவாங்களா?"

"பேசாத" என்றாள் வாலு.

"ஏன் பேசக் கூடாது? கேக்க ஆள் இல்லன்னு நினைச்சானுங்களா?"

"அண்ணா, பேசாத. வேணாம்."

"நீ சும்மா இரு. மாத்தல் போட்டவன் யாரு, அவன் பேரச் சொல்லு."

அவள் துணியை எடுத்துக் கதவுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். மத்தியானமே துடைத்து முடித்த கண்ணாடி. மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ்.

"யாரும் போடல" என்றாள். "நானே கேட்டு வாங்கினேன்."

நான் பிழிந்துகொண்டிருந்த துணி கையிலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று தலையை ஆட்டினேன். வாலுவின் கழுத்தெல்லாம் வண்டியின் நிறத்துக்கு வந்திருந்தது. என் நாத்தனார் வெட்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அதனால் அது வெட்கம்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஆளு அந்த ஊரா?"

"ம்."

"கண்ணாடி போட்டவரா?"

"ம். நான்தான் போட்டுவிட்டேன்."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். மறுபடி வெடிக்கப்போகிறார் என்று நான் ஒரு அடி முன்னால்கூட வந்துவிட்டேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, லேபில் பேசுகிற குரலில் கேட்டார்:

"சொந்தப் பல்லா?"

ஈரத் துணி பறந்து வந்து அவர் முகத்தில் அறைந்தது.

"அத நீயே வந்து பாத்துக்க" என்றாள் வாலு. "நாளைக்குக் காலைல நீதான் வண்டி ஓட்டற."

அவர் துணியை முகத்திலிருந்து எடுத்தார். எடுத்து, என் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்:

"ஏம்மா, என் நல்ல சட்டை எங்க இருக்கு?"